பிரான்சிலிருந்து வந்த சளி மாத்திரை

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முன்னால் என் மனைவியின் அக்கா பிரான்சிலிருந்து வந்து இறங்குவார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். வந்த மறுநாள் காலை, நெல்லித்தோப்பில் என் மாமனார் வீட்டுக் கூடத்தில் பெட்டி திறக்கும் சடங்கு நடக்கும். சடங்கு என்று கிண்டலுக்குச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில்கூட அந்தக் குடும்பம் அத்தனை அமைதியாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

பெட்டியிலிருந்து முதலில் சென்ட் பாட்டில்கள் வரும். அப்புறம் சாக்லேட். அப்புறம் ஊறிய சாக்கு வாசனை அடிக்கும் சீஸ். அதை எல்லோரும் முகர்ந்துவிட்டு ஆகா என்பார்கள், சாப்பிடுகிறவர் மாமனார் மட்டும்தான். கடைசியாக வருபவை மாத்திரைகள். தலைவலிக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று. நெருங்கிய சொந்தம் என்றால் முழு டப்பா கிடைக்கும். பக்கத்து வீடு என்றால் ஓர் அட்டை. பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவுக்கு அட்டையிலிருந்து கத்தரிக்கோலால் வெட்டிய இரண்டு மாத்திரை. வெட்டிய துண்டில் பெயர் பாதி இருக்கும், காலாவதித் தேதி இருக்கவே இருக்காது. எது எதற்கு என்று அண்ணி வாயால் சொல்வார். வாங்கிக்கொண்டு போகிறவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் அதை மறந்திருப்பார்கள்.

இந்த ஊரில் எதை வேண்டுமானாலும் குறை சொல்லலாம், பிரான்ஸ் மாத்திரையைச் சொல்ல முடியாது. நம்மூர்க் கம்பெனி அதே மருந்தை அதே அளவில் போட்டால் அது சும்மா மாத்திரை. அங்கே பார்மசியில் வாங்கினால் அது அமிர்தம். உள்ளூர் மாடு விலைபோகாது என்று சும்மாவா சொன்னார்கள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தவளக்குப்பம். நெல் விளைவிக்கிற குடும்பம். அந்த நெல்லை அரிசியாக விற்கலாம் என்று நெல்லித்தோப்பில் மண்டி போட்டேன். மண்டி போட்ட பிறகுதான் அரிசித் தூசு எனக்கு ஆகாது என்று மூக்கு தெரிவித்தது. காலையில் மூட்டையைப் பிரித்தால் தும்மல் தொடங்கும், கண் அரிக்கும், மூக்கிலிருந்து தண்ணீராகக் கொட்டும். வாடிக்கையாளர்கள் ஒரு கையில் பையும் மறு கையில் கைக்குட்டையுமாக நின்று என்னைப் பார்ப்பார்கள். மாமனார் வீட்டில் இதைவிடப் பெரிய வேடிக்கை கிடையாது. அவர்கள் வீட்டு மாடியில் நான் வாடகைக்கு இருக்கிறேன். வீட்டோடு மாப்பிள்ளை என்று தெரு சொல்கிறது. தெருவுக்கு வேறு வேலை இல்லை.

தும்மலுக்கு எனக்கு வைத்தியம் சொல்லாத ஆள் நெல்லித்தோப்பில் இல்லை. நான் கேட்டது ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரை மட்டும். அவர் சொன்னது எளிமையாக இருந்தது. மூக்குக்குள் வருவது வெறும் தூசு. உடம்பு அதை எதிரி என்று நினைத்துக்கொண்டு ஹிஸ்டமின் என்ற ஒன்றைக் கொட்டுகிறது. தும்மலும் அரிப்பும் அது செய்கிற வேலை. அலர்ஜி மாத்திரை என்ன செய்கிறதென்றால், ஹிஸ்டமின் போய் உட்காருகிற இடத்தில் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது, பஸ் சீட்டில் துண்டு போடுகிற மாதிரி. தூசும் இருக்கும், ஹிஸ்டமினும் இருக்கும், உட்கார இடம் இருக்காது. அதனால் மூட்டையைப் பிரிப்பதற்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. பழைய வகை மாத்திரைகள் மூளைக்குள்ளும் போய் உட்காரும்; ஆளைத் தூங்கவைக்கும், வாயை உலர்த்தும். அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக்கூடாது, குடிக்கவும் கூடாது என்றார். புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு ஒரு டாக்டர் இதைச் சொல்வதற்குத் தைரியம் வேண்டும். எனக்குப் புதிய வகையும், தினமும் மூக்கில் அடிக்க ஒரு ஸ்பிரேயும் எழுதித் தந்தார். ஸ்பிரே உடனே கேட்காது, விடாமல் அடித்தால் நாளாவட்டத்தில் கேட்கும் என்றார். கேட்டது.

இதையெல்லாம் மாமனார் வீட்டில் சொன்னால், "தும்மலுக்கு ஒரு புராணமா மாப்ள" என்பார்கள்.

இவர்களுக்கு அலர்ஜியும் சளியும் ஒன்று. சளிக்காய்ச்சல் கிருமியால் வருவது, எந்த மாத்திரையும் அந்தக் கிருமியைக் கொல்லாது, மூக்கைக் கொஞ்சம் திறந்துவிடும், வலியைக் கொஞ்சம் குறைக்கும், மற்றபடி அது தானாக வந்து தானாகப் போகும் என்றால் யாருக்கும் திருப்தி இல்லை. மெடிக்கல் ஷாப்புக்குப் போய், "சளி, மூக்கடைப்பு, ரெண்டு வேளைக்கிக் குடுங்க" என்பார்கள். கடைக்காரர் நாலு அட்டையை எடுத்து நறுக் நறுக்கென்று வெட்டுவார். மஞ்சளில் ஒன்று, வெள்ளையில் ஒன்று, ரோசில் ஒன்று. வேளைக்கு ஒரு காகிதக் கவர். இதற்கு செட்டு என்று பெயர். செட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டவரை நான் பார்த்ததில்லை. இதே ஆட்கள் கத்தரிக்காய் வாங்கும்போது ஒவ்வொன்றாகத் திருப்பிக் காம்போரம் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். என் கடையில் ஒரு கிலோ பொன்னி வாங்குவதற்கு நாலு மூட்டையில் கைவிட்டு, முகர்ந்து, வாயில் போட்டு மென்று பார்ப்பார்கள்.

மாமனாருக்கு வருகிறேன். அவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் சொல்தா என்போம். பிறப்பால் தமிழர், குடியுரிமையால் பிரெஞ்சுக்காரர், அந்த இரண்டாவதைத்தான் அவர் கணக்கில் வைத்துக்கொள்வார். வீட்டுக்குள்ளேயே சட்டையை பேண்ட்டுக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காலையில் என்னைப் பார்த்தால் "போன்ழூர்" என்பார். நான் "வணக்கம் மாமா" என்பேன். கல்யாணமான நாளிலிருந்து இதில் இருவரும் விட்டுக்கொடுத்ததில்லை. ரோட்டில் குழி விழுந்தாலும் கரண்ட் போனாலும், "அங்க இப்பிடி நடக்காது" என்பார். ஒரு குடிமகனை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று பிரான்சுக்குத்தான் தெரியும் என்பது அவருடைய வேதம்.

அவருக்கு ஒரு ரகசியம் உண்டு. வயதான ஆண்கள் பலருக்கு வருவதுதான்: மூத்திரப் பைக்குக் கீழே இருக்கும் ப்ராஸ்டேட் சுரப்பி வீங்கி, வழியை நெருக்கும். அதற்கு அவர் தினமும் ஒரு மாத்திரை போடுகிறார். அதை வாங்கி வருவது நான். மகள்களுக்குத் தெரியக்கூடாது என்பது உத்தரவு. துப்பாக்கி பிடித்த மனிதருக்கு ஒண்ணுக்குப் போவதில் சிரமம் என்று பெண்கள் தெரிந்துகொள்வதைவிடக் கேவலம் வேறு இல்லை என்று நினைத்தார். அரிசிக்கடைக்காரனான என்னை அவர் நம்பியது இந்த ஒன்றில்தான்.

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் அவருக்கு நல்ல சளி. மூக்கு இரண்டும் அடைத்து வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அண்ணி பெட்டியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வந்தார். மூக்கடைப்பைத் திறக்கிற மாத்திரை. அந்த வகை எப்படி வேலை செய்கிறது என்று என் டாக்டர் சொல்லியிருந்தார். மூக்குக்குள் வீங்கிப்போன ரத்தக் குழாய்களை அது சுருக்கும். பிரஷர் உள்ளவர்களும் இதய நோயாளிகளும் ப்ராஸ்டேட் உள்ளவர்களும் கேட்காமல் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார்.

"அண்ணி, மாமாவுக்கு எதுவா இருந்தாலும் டாக்டர ஒரு வார்த்த கேட்டுட்டுக் குடுக்கலாம்" என்றேன்.

"இது பிரான்ஸ் மாத்திர தம்பி. அங்க ஆயிரம் டெஸ்ட்டு பண்ணிட்டுதான் வெளிய வுடுவாங்க. உங்க மெடிக்கல் ஷாப்புல வெட்டிக் குடுக்கறாங்களே, அந்த மாதிரி இல்ல."

"நல்ல மாத்திரதான். அவருக்கு ஒத்துக்குமான்னுதான் கேக்கறேன். அவரு ஏற்கெனவே வேற ஒரு மாத்திர..."

மாமனார் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "மாப்ள, கடையத் தொறக்க நேரமாவலயா?" என்றார்.

அண்ணி தண்ணீர் டம்ளரை நீட்டினார். அவர் விழுங்கிவிட்டு, வேலை முடிந்தது என்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு ஆத்திரம். போய்க் கடையைத் திறந்தேன்.

சீமைச் சரக்கின் மேல் அவருக்கு இருந்த பக்தி ஒரு பகல் தாங்கியது. மூக்கு அவர் எதிர்பார்த்த வேகத்தில் திறக்கவில்லை. சாயங்காலம் என் மனைவியைக் கூப்பிட்டு மெடிக்கல் ஷாப்பில் ஒரு செட்டு வாங்கி வரச் சொன்னார். அப்பா சொன்னால் என் மனைவிக்கு மறுகேள்வி கிடையாது. செட்டு வந்தது. "அது வேற, இது வேற பப்பா. ரெண்டும் போட்டாதான் அடங்கும்" என்று அண்ணியும் ஆமோதித்தார். அது வேறு இது வேறு இல்லை என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது. மூக்கைத் திறக்கும் மருந்து இரண்டிலும் இருந்தது, காய்ச்சல் மருந்தும் இரண்டிலும் இருந்தது. கூடுதலாகச் செட்டில் இருந்தது ஆளைத் தூங்கவைக்கும் அந்தப் பழைய அலர்ஜி மாத்திரை. அலர்ஜியே இல்லாத மனிதருக்கு.

மறுநாள் ஞாயிறு, கடை லீவு. மதியம் சாப்பிடக் கீழே வந்தபோது மாமனார் மேசையில் இல்லை. பாத்ரூமில் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. வெளியே வந்தார், உட்காரவில்லை, திரும்பவும் உள்ளே போனார். திரும்பவும் குழாய். மேசையில் முந்தின நாள் மட்டன் குழம்பு இருந்தது. மட்டனை அவர் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

"காலைலேந்து வயிறு கனமா இருக்காம்" என்றாள் என் மனைவி.

"சூடு" என்றார் அண்ணி. "மாத்திர போட்டா ஒடம்பு சூடாவும். நல்லா குளிர்ச்சியா குடுக்கணும்."

கொடுத்திருக்கிறார்கள். காலையில் இரண்டு இளநீர், அப்புறம் பார்லித் தண்ணீர், அதற்கும் மேல் ஒரு சொம்பு மோர். வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பயந்து அத்தனையும் குடித்திருக்கிறார் அந்த வீரர். மதகு அடைத்துக்கொண்ட ஏரிக்கு இந்தப் பெண்கள் தண்ணீர் வர வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார்கள், அதுவும் பாசத்தோடு. பாசம் இருந்தால் போதும், விவரம் வேண்டாம் என்று இந்த வீட்டில் ஒரு தீர்மானம்.

எனக்குப் புரிந்துவிட்டது. பாத்ரூம் கதவருகே போய், "மாமா, நான்தான்" என்றேன்.

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர்ச் சத்தம் கேட்டால் வரும் என்று சின்னப் பிள்ளைகளுக்குச் செய்வார்களே, அதை அவர் தனக்குத் தானே செய்துகொண்டிருந்தார்.

"எப்பலேந்து வரல?"

"காலைலேந்து" என்றார்.

"ஒரு சொட்டு கூடவா?"

"மெல்லப் பேசுங்க மாப்ள. பொண்ணுங்க காதுல வுழப் போவுது."

"கெளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போவலாம். இப்பிடியே வுட்டா பை வீங்கி, பின்னால கிட்னியப் புடிச்சிக்கும்."

"சாயங்காலம் வரைக்கும் பாக்கலாம். தானா வந்துடும்."

"வராது மாமா."

"வரலன்னா சாவறேன். போங்க."

என் வாழ்க்கையில் நான் சந்தித்த முட்டாள்தனங்களில் இதற்கு முதலிடம் கொடுப்பேன். படித்தவர், பாதி உலகம் சுற்றியவர், ஒரு கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு வெட்கத்துக்காக உயிரை விடத் தயாராக இருக்கிறார். கெஞ்சினால் கேட்கிற ஆள் இல்லை. அதனால் கெஞ்சவில்லை.

"செத்தா எதால செத்தாருன்னு தெருவே கேக்கும் மாமா. ஒண்ணுக்குப் போவ முடியாம செத்தாருன்னுதான் நான் சொல்லணும். கல்லற வரைக்கும் வர்றவங்க அதத்தான் பேசிக்குவாங்க" என்றேன்.

குழாய் நின்றது. கதவு திறந்தது. முகமெல்லாம் வியர்வை. அந்த நிலையிலும் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டுதான் வந்தார்.

ஆட்டோவில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் என் தோளைப் பிடித்துக்கொண்டார். எனக்குள் இருந்த கோபமெல்லாம் அந்தப் பிடியில் கொஞ்சம் கரைந்துதான் போனது. இந்த மனிதர் செத்துவிடக் கூடாது என்று நினைத்தேன். அதை நினைத்ததும் என் மேலேயே எரிச்சலாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் ஒருவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். தொப்புள் வரை கல் மாதிரி இருக்கிறது என்றார். மாமா தினமும் போடும் மாத்திரை எதற்கு என்று நான் அவர் காதோடு சொன்னேன். ட்யூப் போட்டார்கள். ட்யூபில் மாட்டிய பிளாஸ்டிக் பை நிரம்ப நிரம்ப மாமனாரின் கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. வலியா, நிம்மதியா, வெட்கமா என்று நான் கேட்கவில்லை. பிரஷர் பார்த்தார்கள், அதுவும் ஏறியிருந்தது.

பின்னாலேயே வேறொரு ஆட்டோவில் மகள்கள் வந்து சேர்ந்தார்கள். என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டதும் என் மனைவி மிச்சமிருந்த செட்டுக் கவரைக் கொடுத்தாள், அண்ணி கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து நீட்டினார். நீட்டிய விதத்தில் பெருமை இருந்தது. "பிரான்ஸ்ல வாங்கனது டாக்டர். இதால ஒண்ணும் ஆயிருக்காது. இங்க வாங்கன செட்டுலதான் ஏதோ இருந்திருக்கு" என்றார்.

டாக்டர் டப்பாவையும் கவரையும் திருப்பிப் பார்த்தார். "ரெண்டாலயும்தாம்மா. மூக்குல இருக்கறத மட்டும் சுருக்குன்னு மாத்திரைக்கு அட்ரஸ் எழுதிக் குடுக்க முடியாது. ரத்தத்துல கலந்து எல்லா எடத்துக்கும் போவும். பிரஷர ஏத்தும். மூத்திரப் பையோட வாசல இறுக்கும். செட்டுல இருந்த, தூக்கம் வரவெக்கற அலர்ஜி மாத்திர, பையில இருக்கற சதையத் தளர்த்தும். தள்றதுக்குத் தெம்பும் இல்ல, போறதுக்கு வழியும் இல்ல. இவருக்கு ப்ராஸ்டேட் வேற இருக்கு. தெரியாதா உங்களுக்கு?"

இரண்டு மகள்களும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் சுவரைப் பார்த்தார். அத்தனை நாள் காத்த ரகசியம் ஒரு வார்டு முழுக்கக் கேட்கும்படி வெளியே வந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர் மட்டும் "எனக்கும் அதாங்க" என்று ஆறுதலாகச் சொன்னார்.

ட்யூப் சில நாள் இருக்கட்டும், அப்புறம் எடுத்துப் பார்க்கலாம், இனிமேல் சளி என்று எந்தக் கடையில் நின்றாலும் ப்ராஸ்டேட் இருக்கிறது, பிரஷர் இருக்கிறது என்று முதலில் சொல்ல வேண்டும், பெயர் தெரியாத மாத்திரையை வாங்கக் கூடாது, இரண்டு மருந்தை ஒன்றாகப் போடுவதற்கு முன்னால் இரண்டிலும் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். என் டாக்டர் எனக்குச் சொன்னதும் அதுதான். நான் வீட்டில் சொன்னதும் அதுதான். அதைக் கேட்க இவர்களுக்கு ஒரு ட்யூப் தேவைப்பட்டது.

அண்ணிக்கு முகம் விழுந்துவிட்டது. தப்பு தன்மேல் இல்லை என்று யாரிடமாவது சொல்லியாக வேண்டும். தங்கையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"எனக்கு என்னாடி தெரியும். அங்க இப்ப இதெல்லாம் டாக்டர் சீட்டு இல்லாம குடுக்கறதே இல்ல. ஆபத்து, ஆபத்துன்னு டாக்டருங்க பயமுறுத்தறாங்க. எங்க வீட்ல யாரும் தொடறதில்ல. பிள்ளைங்க கண்ணுல படக் கூடாதுன்னு மேல தூக்கி வெச்சிருந்தேன். எல்லாம் முன்ன வாங்கனது, பிரிக்காத டப்பா. குப்பையில போட மனசு வரல. இங்க யாருக்காவது ஆவட்டுமேன்னு எடுத்தாந்தேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

இத்தனை வருடம் அந்தப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்காது. சிரிப்பு வரவில்லை. அருவருப்பாக இருந்தது, அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

மாமனார் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார். மகளைப் பார்த்தார். அவரிடம் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவரைப் போல, மெல்லக் கேட்டார்.

"நானும் அந்த நாட்டுக்காரன்தானம்மா?"

அண்ணி குனிந்து, அவர் காலடியில் விலகியிருந்த போர்வையை இழுத்துவிட்டார்.